ஓம உப்பு எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது: மூலிகை வாசனை எண்ணெய்களின் கிருமி எதிர்ப்பும் ஆக்சிஜனேற்றத் தடுப்பும்

2021 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் அறை வாசனைத் தெளிப்பானைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. லாவெண்டரும் கெமோமிலும் சேர்த்து, அழகுக்குச் சில வண்ணக் கற்களையும் போட்டு, இந்தியாவில் தயாராகி அங்கே விற்பனையான பொருள் அது. அந்த ஆண்டில் கான்சாஸ், டெக்சாஸ், மினசோட்டா, ஜார்ஜியா ஆகிய நான்கு மாநிலங்களில், வெளிநாட்டுப் பயணமே போகாத நால்வருக்கு மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று நோய் வந்திருந்தது. இருவர் இறந்தனர், ஒருவர் குழந்தை. ஜார்ஜியா நோயாளியின் வீட்டில் கிடைத்த தெளிப்பான் பாட்டிலுக்குள், அந்த நோயைக் கொண்டுவரும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா இருந்தது. விற்பனையான சுமார் 3,900 பாட்டில்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

இந்த பாக்டீரியா நமக்கு அந்நியமானதல்ல. தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியாவோடு தென்னிந்தியா, இலங்கை மண்ணிலும் அது உண்டு, மழைக்காலத்தில் தலைகாட்டும். அது ஒரு வாசனை எண்ணெய்த் தெளிப்பானுக்குள் குடியிருந்ததுதான் யோசிக்க வைக்கிறது. லாவெண்டர் எண்ணெய் கிருமிகளைக் கொல்லும் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். அவை பொய்யும் அல்ல. பிறகு எப்படி?

இதற்குப் பதில் தேடினால், ‘கிருமிநாசினி’, ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று எண்ணெய்ப் பாட்டில்களில் அச்சடிக்கும் இரண்டு வாசகங்களும் எதைக் குறிக்கின்றன, எதைக் குறிக்கவில்லை என்பது ஓரளவு விளங்கிவிடும்.

வடிகலனில் வருவதும் வராததும்

முதலில், எசென்ஷியல் ஆயில் என்று நாம் வாங்குவது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு அல்ல. துணியில் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் கறை தங்காமல் பறந்துவிடும். செடியின் இலையிலோ பட்டையிலோ விதையிலோ சின்னச் சின்னப் பைகளில் சேர்ந்திருக்கும் ஆவியாகும் வேதிப்பொருள்களின் கலவை அது. நீராவியோடு மேலே ஏறி, குளிர்ந்து, தண்ணீரின் மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெய் போலச் சில அடியில் தங்கும். சித்த மருத்துவத் தைலங்கள் வேறு வகை. அங்கே மூலிகையை நல்லெண்ணெயில் காய்ச்சுகிறோம். கொழுப்பில் கரைவதெல்லாம் அதில் இறங்கும். நீலகிரித் தைலம் என்ற பெயரில் தைலம் இருந்தாலும் அது வடித்தெடுத்தது.

நீலகிரியில் இந்த யூகலிப்டஸ் மரம் 1843 வாக்கில் வந்தது. விறகுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம், பிறகு மலையையே பிடித்துக்கொண்டது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து, செம்பு வடிகலனில் அடைத்து, விறகு எரித்து வடிப்பது அங்கே பழைய தொழில். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் 1,8-சினியோல் என்ற ஒரே பொருள். மூக்கடைப்புக்கு முகர்ந்தவுடன் நெற்றிவரை ஏறும் அந்தக் குளிர்ந்த காரம் அதுதான்.

வடிகலனில் எது வருகிறது என்பதைவிட எது வரவில்லை என்பது முக்கியம். நீராவியோடு பறக்க முடியாத கனமான பொருள்கள் கலனிலேயே தங்கிவிடும். மஞ்சள் எண்ணெயில் குர்குமின் இல்லை. டர்மரோன் வகைகள்தாம் உண்டு. அதனால்தான் அது மஞ்சளின் ஆழ்ந்த நிறத்தைக் காட்டுவதில்லை. மிளகு எண்ணெயில் மிளகின் மணம் முழுதும் இருக்கும். பைப்பரின் இல்லாததால் காரம் இராது. இஞ்சி எண்ணெயில் ஜிஞ்சரால் இல்லை. தேயிலையிலும் நெல்லியிலும் பேசப்படும் பாலிஃபினால்களும் அப்படித்தான், ஆவியில் ஏறாதவை. ‘மஞ்சள் எசென்ஷியல் ஆயில், குர்குமினின் நன்மைகளோடு’ என்று யாராவது விற்றால், அவர் வடிகலனைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். செடியின் பெயரில் உள்ள புகழை அப்படியே எண்ணெய்க்கு மாற்றி எழுதுவதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. விளம்பரங்களோடு நின்றால் பரவாயில்லை, ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளிலும் அதைப் பார்க்கலாம்.

நாட்டு மருந்துக் கடையின் மூன்று உப்புகள்

நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினால், சற்று நேரத்தில் மூன்று படிகங்களும் தாமாகவே உருகித் திரவமாகிவிடும். ஓம உப்பு 50 டிகிரியிலும் புதினா உப்பு 42 டிகிரியிலும் கற்பூரம் 175 டிகிரிக்கு மேலும் உருகக்கூடியவை. கலந்தால் ஒன்றின் படிக ஒழுங்கை மற்றொன்று கலைத்துவிடுவதால் சாதாரண வெப்பத்திலேயே இளகுகின்றன. தலைவலிக்கும் பல்வலிக்கும் தடவ வீடுகளில் வைத்திருக்கும் இந்தக் குப்பியில், வாசனை எண்ணெய்களின் வேதியியல் பாதி அடங்கியிருக்கிறது.

ஓம உப்பு என்பது தைமால். காஸ்பர் நியூமன் என்ற ஜெர்மானியர் 1719இல் தைம் செடியிலிருந்து இதைப் பிரித்தார். ஆனால் தைமால் வணிகத்துக்கு வேண்டிய சரக்கு தைமில் இல்லை, நம் ஓமத்தில் இருந்தது. ஓமத்தில் எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு. அந்த எண்ணெயில் பாதியளவு தைமால். முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகி உலகமெங்கும் விலைபோனது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது; அதன் பிறகே இங்கேயே தைமால் எடுக்கும் முயற்சிகள் சூடுபிடித்தன.

தைமாலின் உடன்பிறப்பு கார்வக்ரால். அணுக்கள் அதே எண்ணிக்கை; ஒரு முனை மட்டும் வளையத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மேல்நாட்டு ஆரிகனோ எண்ணெயின் பெருமைக்கெல்லாம் காரணம் இதுதான். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் எண்ணெயிலும் கார்வக்ராலும் தைமாலுமே முக்கியமானவை. இலையைக் கசக்கினால் ஓமம் மணப்பது அதனால்தான்.

இவை இரண்டும் ஃபினால்கள். அதாவது பென்சீன் வளையம் ஒன்றில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் முனை ஒட்டியிருக்கும். ஜோசப் லிஸ்டர் 1860களில் அறுவைப் புண்களில் ஊற்றிய கார்பாலிக் அமிலமும் ஃபினால்தான். கிராம்பின் யூஜினாலும் இதே குடும்பம். கிருமியைக் கொல்வதில் பெயர் பெற்ற வாசனை எண்ணெய்கள் பலவும் இந்த முனையை வைத்திருப்பவை.

அது என்ன செய்கிறது என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கனில் நடந்த ஆய்வுகள் 2002 வாக்கில் தெளிவாகக் காட்டின. பாக்டீரியாவின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது. கார்வக்ரால் அதில் எளிதாகக் கரைந்து உள்ளே நுழைகிறது. சவ்வின் இருபுறமும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு வேறுபட்டிருப்பதால்தான் பாக்டீரியா தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கிறது. கார்வக்ரால் தன் ஹைட்ராக்சில் முனையின் ஹைட்ரஜனை உள்ளே விட்டுவிட்டு, பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. இப்படிப் போய்ப்போய் வந்தால் அந்த வேறுபாடு சமனாகி, செல்லின் ஆற்றல் வற்றிவிடும். ஓம எண்ணெயிலேயே உள்ள பாரா-சைமீன் என்ற பொருள் தைமாலைப் போலவே இருக்கும், ஹைட்ராக்சில் முனை ஒன்றைத் தவிர. அது சவ்வைக் கொஞ்சம் வீங்க வைக்கிறது, கொல்ல முடிவதில்லை. புதினா உப்புக்கு ஹைட்ராக்சில் உண்டு, ஆனால் வளையம் பென்சீன் வகை அல்ல. அதனால் வேலை மந்தம். தைமாலுக்கு ஹைட்ரஜன் ஏற்றினால் மென்தால் ஆகும் என்பதால் தொழிற்சாலைகளில் மென்தாலைச் செய்யும் வழிகளில் அதுவும் ஒன்று. ஓம உப்பும் புதினா உப்பும் அவ்வளவு நெருங்கிய சொந்தம், ஆனாலும் கிருமியிடம் காட்டும் முகம் வேறு.

எல்லா எண்ணெயும் ஃபினாலை நம்பியிருக்கவில்லை. இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு புரதங்களோடு நேரடியாக வினைபுரிகிறது. ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினென்-4-ஆல் என்ற ஆல்கஹால் சவ்வைக் குலைக்கிறது.

எண்ணெய்கள் எல்லாக் கிருமிகளிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. தோலில் புண் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை எளிதில் மாட்டும். இ.கோலை, சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசமாக இருக்கிறது. சூடோமோனாஸுக்கு உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. முதலில் சொன்ன பர்கோல்டேரியாவும் இந்தக் கவசக் கூட்டத்தைச் சேர்ந்தது, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கே இயல்பில் அடங்காதது. ஒரு தெளிப்பானில் தண்ணீர் பெரும்பங்கும் எண்ணெய் சிறுபங்கும் இருக்குமானால், எண்ணெய் மணப்பதற்குப் போதும், இந்த பாக்டீரியாவை அடக்கப் போதாது. மூக்கு உணரும் அளவும் கிருமி சாகும் அளவும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு.

தட்டில் தெரியும் வட்டம்

வாசனை எண்ணெய்களைக் கிருமிகள் மீது சோதிப்பது புதிதல்ல. பாஸ்டரின் உடனுழைப்பாளர் சார்ல் ஷம்பர்லான் 1887இலேயே எண்ணெய்களின் கிருமித்தடுப்பைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று நம் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் நடக்கும் சோதனை, அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, எண்ணெய் தோய்ந்த காகித வில்லையை நடுவில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தின் அகலத்தை அளப்பது. செலவு குறைவு, படம் அழகாக வரும். ஆனால் இந்த முறை நீரில் கரையும் ஆன்டிபயாட்டிக்குகளுக்காக உருவானது. எண்ணெய் நீர்நிறைந்த அகாரில் சரியாகப் பரவாது. பாதி ஆவியாகிப் பக்கத்து வில்லையின் கணக்கையும் கெடுக்கும். நல்ல எண்ணெய் சின்ன வட்டம் காட்டலாம், சுமாரான எண்ணெய் பெரிய வட்டம் காட்டலாம். திரவத்தில் படிப்படியாக நீர்த்து, கிருமி வளராத மிகக் குறைந்த அளவைக் காண்பதே நம்பத்தக்கது. அங்கேயும் எண்ணெயைக் கரைக்கச் சேர்க்கும் ட்வீன் போன்ற பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடக்கூடும்.

அப்படி அளந்தால் தைமாலுக்கும் கார்வக்ராலுக்கும் ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் அளவில் பல பாக்டீரியாக்கள் அடங்குகின்றன. வாசனை எண்ணெய் உலகில் இது முதல் தர மதிப்பெண். ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்கு இது போன்ற கணக்கு மைக்ரோகிராமில், அதாவது நூறிலொரு பங்கிலும் ஆயிரத்திலொரு பங்கிலும் வரும். ‘ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று’ என்ற தலைப்புகளைப் படிக்கும்போது இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உணவுக்குள் போனால் நிலைமை இன்னும் இறுக்கம். கொழுப்பும் புரதமும் எண்ணெயைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் கிடைப்பது சொற்பம். ஆய்வகத் திரவத்தில் தேவைப்பட்ட அளவைப்போல, ஈரல் சாசேஜில் சுமார் 10 மடங்கும், மென்மையான பாலாடைக் கட்டியில் 25 முதல் 100 மடங்கும் தேவைப்பட்டதாக உணவு நுண்ணுயிரியல் ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவு போட்டால் கிருமி சாகும், சாப்பிடுகிறவர் தட்டைத் தள்ளிவிடுவார். பொட்டலத்தின் உட்புற உறையில் எண்ணெயைப் பூசி ஆவியாக மெல்ல விடும் வழிகளை ஆராய்வது இந்தச் சிக்கலைச் சுற்றிப் போவதற்காகத்தான்.

ஊதா நிறம் மஞ்சளாவது

இனி ஆன்டிஆக்சிடன்ட். ஒரு பொருள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகமெங்கும் செய்யும் எளிய சோதனைக்கு டிபிபிஎச் என்று பெயர். 1958இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் அறிமுகப்படுத்தியது. டிபிபிஎச் ஓர் அடர் ஊதாத் தூள். ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தும் நிலையாக நிற்கும் மூலக்கூறு அது, இந்த வகையை ஆங்கிலத்தில் ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள். அதற்கு யாராவது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஊதா வெளிறி மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள்.

ஹைட்ரஜனைக் கொடுக்கத் தயாராக இருப்பது யார்? அதே ஃபினால் முனைதான். அதனால்தான் இந்தச் சோதனையில் கிராம்பும் ஓமமும் முன்னே நிற்கின்றன, யூகலிப்டஸ் பின்தங்குகிறது. கிருமி எதிர்ப்பு, ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று இரண்டு தனித்தனி நற்குணங்களாகப் பட்டியலிடப்படுபவை, இந்த எண்ணெய்களில் பெரும்பாலும் ஒரே மூலையிலிருந்து கிளம்புகின்றன.

ஆனால் டிபிபிஎச் உடம்பில் எங்கும் இல்லாத ஒரு செயற்கைப் பொருள். சோதனை நடப்பது மெத்தனாலில். நிறம் மாறியது என்பது ஹைட்ரஜன் கைமாறியது என்பதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. ‘முதுமையைத் தடுக்கும்’, ‘புற்றுநோயை விரட்டும்’ என்று அதிலிருந்து தாவுவதற்கு நடுவே பாலமே கிடையாது. நம் செல்களுக்குள் ஏராளமாக இருக்கும் குளுட்டத்தயோன் என்ற பொருளும் பல நொதிகளும் இந்த வேலையை ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. அங்கே ஒரு சொட்டு வாசனை எண்ணெயின் பங்கு கணக்கில் சேராது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு உண்மையில் பயன்படும் இடம் சமையல் எண்ணெயும் வறுத்த பண்டமும் சிக்குப் பிடிக்காமல் காப்பது. ரோஸ்மேரிச் சாறு ஐரோப்பாவில் இ 392 என்ற எண்ணோடு உணவுச் சேர்க்கையாக அனுமதி பெற்றிருக்கிறது. அந்தச் சாற்றில் வேலை செய்வது கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும். இரண்டும் நீராவியில் ஏறாதவை. ரோஸ்மேரி வாசனை எண்ணெயில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

ஓமத் தண்ணீர்க் கணக்கு

வயிற்று உப்புசத்துக்கு ஒரு தேக்கரண்டி ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். இரண்டு கிராம் ஓமத்தில் எண்ணெய் ஏறக்குறைய 60 மில்லிகிராம், தைமால் 30 மில்லிகிராம். ஒரு துளியும் வீணாகாமல் 200 மில்லிலிட்டர் தண்ணீரில் இறங்கினாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 0.15 மில்லிகிராம்தான். கொதிக்கும்போது அடுப்படியெல்லாம் மணக்கிறதே, அது பறந்துபோன பங்கு. ஆக, டம்ளரில் இருக்கும்போதே அது கொல்லும் அளவுக்குக் கீழே. ஓமத் தண்ணீர் வயிற்றுக்கு இதமாக இல்லை என்று சொல்ல வரவில்லை. வாயு கலைவதும் குடல் தசை தளர்வதும் வேறு வழிகள். கிருமியைக் கொன்றுதான் சரியாக்குகிறது என்ற விளக்கம் மட்டும் நிற்கவில்லை.

விழுங்கிய பின் நடப்பதுதான் இன்னும் சுவாரசியம். 2002இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 1.08 மில்லிகிராம் தைமால் அடங்கிய மாத்திரையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, இரத்தத்தைச் சோதித்தார்கள். தைமால் தைமாலாகக் கண்டறியும் அளவில் எங்குமே இல்லை. கிடைத்தது தைமால் சல்பேட் மட்டுமே, அதுவும் உச்சத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 93 நானோகிராம். மாத்திரையை முப்பது மடங்காக்கி, அளவும் அப்படியே ஏறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பாக்டீரியா அடங்கும் அளவுக்கு அது எழுபதில் ஒரு பங்குகூட வராது.

அளவைவிட வடிவம்தான் விஷயம். உடல் சல்பேட்டைக் கொண்டுபோய் ஒட்டிய இடம் அந்த ஹைட்ராக்சில் முனை. பாக்டீரியாவின் சவ்வில் ஹைட்ரஜனைக் கடத்தியதும், டிபிபிஎச்சின் ஊதாவை மஞ்சளாக்கியதும் எந்த முனையோ அதற்குத்தான் மூடி போட்டு, சிறுநீரில் கரைந்து போகும்படி அனுப்புகிறது. யூஜினாலுக்கும் கார்வக்ராலுக்கும் இதே மரியாதைதான். செடி தன் பகைவருக்கென்று செய்துவைத்த நஞ்சை, அதைத் தின்று பழகிய நம் கல்லீரலும் குடலும் எங்கே பிடித்து மடக்க வேண்டும் என்று கற்றுவைத்திருக்கின்றன.

அப்படியானால் இந்த எண்ணெய்கள் வேலை செய்ய வேண்டிய இடம் உடலின் மேற்பரப்பு: தோல், வாய், பல், குடலின் உட்குழாய். அங்கே சான்றுகளும் இருக்கின்றன.

ஜோசப் லிஸ்டர் பெயரால் 1879இல் பிறந்த ‘லிஸ்டரின்’ என்ற வாய்கொப்புளிப்பானில் தைமால் 0.064%, யூகலிப்டால் (முன்பு பார்த்த 1,8-சினியோல்தான்) 0.092%, மென்தால் 0.042%, மெத்தில் சாலிசிலேட் 0.060%. கூட்டினால் கால் சதவீதம். அதுவும் ஆல்கஹாலில் கரைத்து, பல்லின் மேல் படிந்த கிருமிப் படலத்தை நேரே தொடுவதால் பல்படலமும் ஈறு அழற்சியும் குறைவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கிராம்பு மணப்பது, தற்காலிகமாகப் பல்லை அடைக்கத் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைப்பதால்.

டீ ட்ரீ எண்ணெய்க்கு நல்ல சோதனைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990இல் 124 பேரிடம் முகப்பருவுக்கு 5% டீ ட்ரீ களிம்பையும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன; டீ ட்ரீ மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. இங்கிலாந்தில் 2004இல் வெளியான இன்னொரு சோதனை இதைவிடக் கடினமானது. மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியைச் சுமந்திருந்த 224 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான மருந்துகள், மறு பாதிக்கு டீ ட்ரீ களிம்பும் கழுவும் திரவமும். வழக்கமான மருந்தில் 49%, டீ ட்ரீயில் 41% பேர் கிருமியற்றவர் ஆயினர். புள்ளியியல்படி பெரிய வேறுபாடு இல்லை. மூக்குக்குள் மட்டும் வழக்கமான மருந்தான முப்பிரோசின் களிம்பு 78%, டீ ட்ரீ 47%. தோலின் மேற்புறத்திலும் புண்களிலும் டீ ட்ரீ முந்தியது. ஒரு வாசனை எண்ணெய்க்கு இது மதிக்கத்தக்க முடிவு.

குடலுக்குள் நேரடியாகத் தொட்டுக் கொன்ற கதையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்குத் தைமாலும் செனோபோடியம் என்ற இன்னொரு வாசனை எண்ணெயும்தான் மருந்து. ராக்பெல்லர் நிதியோடு 1916இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களையே முதன்மையாக நாடியது. அக்கால வழக்கப்படி தைமால் கிராம் கணக்கில். முன்னும் பின்னும் பேதி உப்பு. மருந்து உடம்பில் ஏறாமல் குடலோடு வந்த வேலையை முடித்து வெளியேற வேண்டும். கூடவே எண்ணெயோ சாராயமோ போனால் தைமால் அதில் கரைந்து இரத்தத்தில் ஏறிவிடும். அப்படி உயிர்போனவர்கள் உண்டு. கிருமியைக் கொல்லும் அளவு மனிதனுக்குப் பாதுகாப்பான அளவாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை அது.

ஒரே மரம், மூன்று எண்ணெய்

இலங்கையின் இலவங்கப்பட்டை மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டையை வடித்தால் சின்னமால்டிஹைடு. இலையை வடித்தால் பெரும்பகுதி யூஜினால், கிராம்பு மணக்கும். வேர்ப்பட்டையை வடித்தால் கற்பூரம். ‘இலவங்கப்பட்டை மர எண்ணெய் கிருமியைக் கொல்கிறது’ என்று ஒரு கட்டுரை முடிவு சொன்னால், எது என்று கேட்டாக வேண்டும். துளசியிலும் இதுதான் கதை: சில வகைகளில் யூஜினால் மிகுதி, சிலவற்றில் மெத்தில் சாவிக்கால். லக்னோவின் மத்திய மருத்துவ, வாசனைத் தாவர நிறுவனம் ‘சிம்-ஆயு’ என்ற துளசி ரகத்தை யூஜினாலுக்கென்றே உருவாக்கியது. டீ ட்ரீ எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ 4730 என்ற தரநிலை டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு அறிக்கை இல்லாத எண்ணெய்ச் சோதனை, என் பார்வையில், ஊர் பெயர் எழுதாத முகவரி.

வேதி வகை மாறினால் ஆபத்தும் மாறும். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று குழந்தைகளுக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் வசம்பின் இந்திய வகையில் எண்ணெயின் பெரும்பகுதி பீட்டா-அசரோன். எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அமெரிக்க மண்ணின் வசம்பு வகையில் அந்தப் பொருளே கிடையாது.

கற்பூரமும் யூகலிப்டஸும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தவழும் வயதுக் குழந்தைக்கு ஒரு கிராம் கற்பூரம் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும் மயக்கத்துக்கும் வலிப்புக்கும். மருந்துக் களிம்புகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா 1983இல் வரம்பு கட்டியது இதனால்தான். தென்னிந்திய மருத்துவமனைகளில் நரம்பியல் மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று, தைலம் தடவுவதும் ஆவி பிடிப்பதும்கூடப் பெரியவர்களுக்கு வலிப்பைத் தூண்டிய நேர்வுகளைப் பதிவு செய்திருக்கிறது. வலிப்பு உள்ளவரின் மருத்துவர் கேட்காவிட்டாலும் தைலப் பழக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது. சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கினடியிலோ உச்சந்தலையிலோ கற்பூரத் தைலம் பூசுவதை நிறுத்துவதும் நல்லது.

கடைசியாக, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை என்று விற்கப்படும் இந்த எண்ணெய்கள் தாமே ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகக்கூடியவை. எலுமிச்சை வகைகளின் லிமோனீனும் லாவெண்டரின் லினலூலும் புதிதாக இருக்கும்போது தோலுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. மூடி திறந்து காற்றுப் பட்டுக் கிடந்தால் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறி ஒவ்வாமையைக் கிளப்புகின்றன என்று ஸ்வீடனின் கோதன்பர்க் தோல்நோய் ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கும் இது பொருந்தும். ஐரோப்பாவில் தோலில் தங்கும் பூச்சுகளில் லிமோனீனோ லினலூலோ 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயரை லேபிளில் எழுதியாக வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், முடிந்தால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பாதி பாட்டிலைத் தோலில் தடவ வேண்டாம்.